மோந்தெஹாராவில் பத்து மணி

20-03-2025, வியாழன். மாலை 7.40

மோந்தெஹாரா வந்து சேர்ந்தோம். மாலகா விமான நிலையத்தில் 2.15க்கு எடுக்க வேண்டிய பஸ்ஸை 2.31க்கு எடுத்தார்கள். பதினாறு நிமிடம். காரணம் கேட்க ஆளில்லை. டிரைவர் கீழே நின்று ஓர் அம்மாளிடம் அவர் புதிதாக வாங்கிய செருப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். திருச்செங்கோடு பஸ் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்தவனுக்கு இதெல்லாம் கண்ணில் பட்டுத் தொலைக்கிறது. நான் டியூட்டியில் இருந்திருந்தால் விசில் ஊதியிருப்பேன்.

ஊர் மலை உச்சியில் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்தத் தெருவில் கால் வைத்தாலும் ஒன்று ஏறுகிறது, இல்லை இறங்குகிறது. சமதளமாக நாலு அடி நடக்க வழியில்லை. கீழே எட்டிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை ஆலிவ் மரம், வரிசை பிடித்து நட்டிருக்கிறார்கள். அது ஒன்றுதான் இந்த ஊரில் ஒழுங்காக இருக்கிறது.

வந்த காரியத்தை எழுதி வைக்கிறேன். என் மகள் தாரணிக்கு இருபது வயது. சதுரங்கத்தில் பெண்கள் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்க மூன்று 'நார்ம்' வேண்டும். பெரிய ஆட்கள் ஆடும் போட்டியில் ஒன்பது சுற்று ஆடி, இத்தனை புள்ளி என்று எடுத்தால் ஒரு நார்ம். இரண்டு எடுத்துவிட்டாள். மூன்றாவது இரண்டு வருஷமாகக் கைக்கு வந்து வந்து நழுவுகிறது. இங்கே ஒன்பதில் ஆறரைப் புள்ளி எடுத்தால் போதும், பட்டம் வந்துவிடும். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி சென்னியப்பன். இதுதான் கடைசித் தடவை என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இதற்காகத்தான் நான் வி.ஆர்.எஸ். வாங்கினேன். எடுக்காவிட்டால் என்ன என்ற பேச்சுக்கே இடமில்லை.

21-03-2025, வெள்ளி. காலை 11.15

ஏற்பாடுகள் முடிந்தன. தாரணியின் போனை வாங்கி என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். போட்டி முடிகிற வரை கிடையாது. அவள் மறுபேச்சு பேசவில்லை. என் போன் இந்திய நேரத்தில்தான் ஓடும், தானாக மாறுகிற வசதியை அணைத்து வைத்திருக்கிறேன். ஊரில் என் மனைவி கனகமணி தூங்குகிற நேரத்தில் கூப்பிட்டு எழுப்பிவிடக் கூடாதல்லவா. கை வாட்சில் ஸ்பெயின் நேரம். நாலரை மணி நேரம் கழித்தால் ஆயிற்று, இதற்கு ஒரு போன் எதற்கு.

தங்கியிருக்கும் வீட்டிலிருந்து போட்டி நடக்கும் மண்டபத்துக்கு மூன்று முறை நடந்து பார்த்தேன். ஏறுவதற்குப் பன்னிரண்டு நிமிடம், இறங்க ஒன்பது. எட்டு சுற்றுகள் மாலை நாலரைக்கு. கடைசிச் சுற்று மட்டும் ஞாயிறு காலை பத்துக்கு. அரை மணி தாமதமாக வந்தால் ஆடாமலே தோல்வி.

வீட்டுக்காரம்மா பெயர் என்கர்னா. அறுபது இருக்கும், கணவர் இல்லை. நடு சமையலறையில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறார். தாரணி அவருக்கு ஸ்பானிஷில் பதில் சொல்கிறாள். எப்போது படித்தாய் என்று கேட்டேன். ஆறு மாதமாகப் படிக்கிறாளாம். சதுரங்க ஓப்பனிங் படிக்க வேண்டிய நேரத்தில்.

22-03-2025, சனி. இரவு 8.50

முதல் சுற்று. வெற்றி. 1/1.

கிளம்புவதற்கு முன் தாரணி வாந்தி எடுத்தாள். என்கர்னா எல்லாவற்றிலும் ஆலிவ் எண்ணெயைக் கவிழ்க்கிறார். பித்தம். எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன்.

பெற்றோரைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிறுத்துகிறார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவும் விடுவதில்லை. நடுவர் இனெஸ் என்கிற பெண், சின்ன வயசு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசலைக் காட்டினார். மூன்றரை மணி நேரம் தெருத் தெருவாக நடந்தேன். முட்டி கழன்றுவிடும் போலிருக்கிறது. தெருவோர மரத்தில் ஆரஞ்சு காய்த்துக் கொட்டிக் கிடக்கிறது, ஒருவரும் தொடுவதில்லை. சோம்பேறி ஜனம் என்று நினைத்து ஒன்றைப் பறித்து உரித்து வாயில் போட்டேன். வேப்பங்காய் தோற்றது. எதிரே உட்கார்ந்திருந்த மூன்று கிழவர்கள் நான் கடிப்பதற்காகவே காத்திருந்தவர்கள் போலச் சிரித்தார்கள்.

23-03-2025, ஞாயிறு

வெற்றி. 2/2. கனகமணி மலைக்கோயிலுக்குப் படியேறிப் போய் வந்தாளாம்.

பித்தம் இன்றும்.

24-03-2025, திங்கள். இரவு 9.00

டிரா. இரண்டரை. வெல்ல வேண்டிய ஆட்டம். பதினெட்டாவது நகர்வில் இவளே டிரா கேட்டிருக்கிறாள். ஏன் என்றேன். நிலைமை சமமாக இருந்ததாம். கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன், இவளுக்குத்தான் நல்ல நிலைமை. 'அப்படியாங்ப்பா' என்றாள், வேறு யாருடைய ஆட்டத்தையோ பார்க்கிற மாதிரி.

இந்த ஊரின் கோயில் மணியைப் பற்றியும் எழுத வேண்டும். ஒரு மணிக்கு ஒரு தடவை அடித்துவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அதையே அடிக்கிறது. முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காக என்று என்கர்னா சொன்னாராம். அப்படியானால் எது சரியான நேரம்? முதல் அடியா, இரண்டாவதா? இதையெல்லாம் நம்பி வாழ்கிறார்கள்.

25-03-2025, செவ்வாய். இரவு 9.30

தோல்வி. இரண்டரையிலேயே நிற்கிறது. ஒரு ஜெர்மன் பையனிடம். இனி ஐந்து சுற்றில் நாலு வேண்டும்.

எனக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அவளோ என்கர்னா வைத்த முட்டைப் பொரியலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். தோற்றவள் போலவே இல்லை. முகம் கழுவி, தலை வாரி, வெளியே போய்வரலாமா என்றாள். ஆட்டத்தை அலச வேண்டாமா என்று கேட்டேன். அலசலாம்ங்ப்பா, ஒரு அரை மணி நேரம் என்றாள். சரி, காற்றாட நடந்தால் தலை தெளியும் என்று கூடவே போனேன்.

ஏப்ரலில் இவர்களுக்குப் புனித வாரம். அதற்குச் சாமியைச் சப்பரத்தில் வைத்துத் தூக்கிப் போவார்களாம். அதற்கு இப்போதே பயிற்சி. சாமி இல்லாத வெறும் மரச்சட்டம், அதன் மேல் கனத்துக்கு மணல் மூட்டைகள். அடியில் முப்பது நாற்பது ஆள் குனிந்து பிடரியில் தாங்குகிறார்கள். சுற்றிலும் துணி. கால்கள் மட்டும்தான் தெரிகின்றன. முன்னால் ஒருவர் சுத்தியலால் தட்டினால் எல்லாரும் ஒரே மூச்சில் எழுகிறார்கள். அந்தக் குறுகல் தெருவில், அந்தச் சரிவில், சுவரில் உரசாமல் திருப்புகிறார்கள். நான் பார்த்த டிரைவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் திருப்பம் வராது.

தாரணி வெகுநேரம் பார்த்தாள். "உள்ள இருக்கறவங்களுக்கு வழியே தெரியாதாம்ப்பா. வெளிய நிக்கறவரு சொல்றபடிதான் காலெடுத்து வெப்பாங்களாம்" என்றாள்.

அதற்குப் பெயர்தான் டிசிப்ளின் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து ஆட்டத்தை அலசினோம்.

26-03-2025, புதன்

வெற்றி. மூன்றரை. பித்தம் அதிகம், இரண்டு முறை.

27-03-2025, வியாழன். இரவு 9.10

வெற்றி. நாலரை! ஒரு ரஷ்யக்காரியை நாற்பது நகர்வில் முடித்துவிட்டாள். எனக்குத் தெருவில் குதிக்கலாம் போலிருந்தது. கனகமணியைக் கூப்பிட்டேன், சென்னியப்பனைக் கூப்பிட்டேன். அவர் ஸ்பீக்கரில் போட்டு ரிக் ஆபீசில் இருந்தவர்களையெல்லாம் கேட்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தாரணி குளியலறையில் போய் நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டதாம். என்கர்னா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நான் என்ன அவர் வீட்டுத் தட்டையா உடைத்தேன்?

28-03-2025, வெள்ளி. இரவு 8.20

வெற்றி. ஐந்தரை. வாயால் சொல்லவே பயமாக இருக்கிறது. இனி இரண்டு சுற்றில் ஒரு புள்ளி போதும்.

காலையில் என்கர்னா தன் போனை என் முன்னால் நீட்டினார். அதில் ஸ்பானிஷில் பேசினால் தமிழில் சொல்கிற வசதி உண்டு. ஒரு பெண் குரல், உணர்ச்சியே இல்லாமல், ரயில் நிலைய அறிவிப்பு போலச் சொன்னது: "உங்கள் மகள் ஒவ்வொரு நாளும் வாந்தி எடுக்கிறாள். ஆனால் அவள் தோற்ற நாளுக்கு மறுநாள் தவிர மற்ற நாட்களில் இரவிலும் சாப்பிடுவதில்லை. இது வயிறு அல்ல." அந்த மெஷினுக்கு வாக்கியம் அமைக்கத் தெரியவில்லை. செவ்வாய் இரவு நன்றாகச் சாப்பிட்டாள் என்று நானே எழுதியிருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தாரோ என்னவோ. எண்ணெயைக் குறையுங்கள் என்று நான் பதில் பேசி அனுப்பினேன். அதை அது எப்படி மொழிபெயர்த்ததோ, அந்தம்மா போனை மேஜையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் தாரணி ஒரு கேள்வி கேட்டாள். பட்டம் வந்த பிறகு என்னங்ப்பா என்றாள். பட்டம் வந்த பிறகு பெண்கள் என்கிற அடைமொழி இல்லாத முழுக் கிராண்ட்மாஸ்டர், அதற்கு மறுபடி மூன்று நார்ம். பிறகு தேசிய அணி. அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து போய்ப் பல் விளக்கினாள், மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு.

29-03-2025, சனி. இரவு 9.00

டிரா. ஆறு! ஆறு! நாளைக்கு ஒரு டிரா எடுத்தால் பட்டம்.

ஜோடி போட்டுவிட்டார்கள். நாளைய எதிராளி ஹங்கேரிக்காரர், வயது எழுபதுக்கு மேல். அந்தக் காலத்து மாஸ்டர். சாப்பாட்டுக்கு முன் ஆட்டத்தை முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பத்தான் அவர் பார்ப்பார். பன்னிரண்டு நகர்வு ஆடி டிரா கேட்டால் கையை நீட்டிவிடுவார். அரை மணி வேலை.

மண்டப வாசலில் இன்று புதிதாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஸ்பானிஷில் இரண்டு வரி, மேலே கடிகாரப் படம், பெரிதாக. நேரத்துக்கு வரச் சொல்கிறார்கள் போலும். நல்ல பழக்கம். ஒன்பது நாளில் இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது என்கர்னா சுவர்க் கடிகாரத்தைக் காட்டி விரலைச் சுற்றிச் சுற்றி ஏதோ சொன்னார். என்னவாம் என்று தாரணியிடம் கேட்டேன். நாளைக்குக் காலையில் அவர் கீழே சமவெளியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிறாராம், டிபனை மேஜை மேல் மூடி வைத்துவிட்டுப் போவாராம். இவ்வளவுதானா, இதற்கு இத்தனை கை ஆட்டமா என்றேன். 'இவ்வளவுதாங்ப்பா' என்றாள்.

தூக்கம் வராது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. இத்தனைக்கும் ஆடப் போவது நானில்லை.

30-03-2025, ஞாயிறு. காலை 8.40

ஐந்தரைக்கே எழுந்துவிட்டேன். குளித்து, திருநீறு இட்டு, செங்கோட்டுவேலவனை நினைத்துக் கும்பிட்டாயிற்று.

என்கர்னா சொன்னபடி போய்விட்டார். ரொட்டி, தக்காளி, பால் எல்லாம் மேஜையில் இருக்கின்றன. சமையலறைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டரி போகிற காலத்தில் இப்படித்தான், சிலது பின்னால் தங்கும், சிலது பிய்த்துக்கொண்டு ஓடும். நாற்காலி போட்டு ஏறிக் கழற்றி, என் வாட்சைப் பார்த்துத் திருத்தி மாட்டினேன். தாரணி வாசற்படியில் காபிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. என்ன கண்ணு என்றேன். ஒண்ணுமில்லீங்ப்பா என்றாள்.

லேப்டாப்பைத் திறக்கவில்லை. டிராதானே, பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அதுவும் சரிதான். இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டாள். மூன்றாவதும் எடுத்தாள்.

இன்று வாந்தி இல்லை. நல்ல சகுனம்.

9.25. ஒன்பதுக்குக் கோயில் மணி பத்து அடித்தது. இந்த ஊரில் மணிக்குக்கூட எண்ணத் தெரியவில்லை. கிளம்புகிறோம்.

அதே நாள், மாலை

என்ன மணி என்று தெரியவில்லை. தெரியும், எழுதப் பிடிக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மண்டபத்துக்குப் போனபோது என் வாட்சில் 9.40. இருபது நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம் என்ற திருப்தி எனக்கு. உள்ளே எல்லா மேஜையிலும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சத்தம் இல்லை. நூறு பேர் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கான போட்டி ஏதோ காலையில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அந்த ரஷ்யக்காரியைப் பார்த்தேன். ஜெர்மன் பையனைப் பார்த்தேன்.

ஆறாவது மேஜையில் தாரணியின் பெயர் எழுதிய அட்டை இருந்தது. காய்கள் அடுக்கினபடியே இருந்தன. ஹங்கேரிக்காரர் இல்லை. கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்கள்.

நடுவர் இனெஸ் என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். ஆங்கிலத்தில், மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார். ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு விடிவதற்குள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்களாம். ஒவ்வொரு வருஷமும். கோடையில் வெளிச்சம் வீணாகாமல் இருக்கவாம். இப்போது பத்து நாற்பத்து மூன்று. அரை மணி தாண்டிப் பதின்மூன்று நிமிடம் ஆகிவிட்டது. அவர் எதிராளிக்கு வெற்றி எழுதிவிட்டார்.

நான் கத்தினேன். நேரம் என்ன ஆட்டுக்குட்டியா, இஷ்டத்துக்கு முன்னே தள்ளவும் பின்னே இழுக்கவும் என்று தமிழிலேயே கத்தினேன். இருபத்தாறு வருஷம் இந்த வேலை பார்த்தவன் என்று வாட்சைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். உள்ளே ஆடிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். இனெஸ் குரலை உயர்த்தவில்லை. வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறோம், நேற்று எட்டாவது சுற்று தொடங்கும்போது மைக்கில் இரண்டு மொழியில் அறிவித்தோம் என்றார். உங்கள் மகள் முன் வரிசையில் இருந்தாள், கேட்டுத் தலையாட்டினாள் என்றார்.

திரும்பிப் பார்த்தேன். தாரணி அங்கே இல்லை.

ஊர் முடிகிற இடத்தில் ஒரு கைப்பிடிச் சுவர் உண்டு. அதற்கு அப்பால் சரிவு, பிறகு ஆலிவ் தோப்புகள். அந்தச் சுவர் மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காகிதப் பொட்டலத்தில், இங்கே விற்கிற எண்ணெயில் பொரித்த நீள முறுக்கு மாதிரிப் பண்டம். ஒன்றைச் சர்க்கரையில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்ப்பா."

"நேத்தைக்கே தெரியுமா?"

"நேத்து சாயந்தரமே தெரியும். ராத்திரி என்கர்னாம்மா சொன்னதும் அதேதான். நீங்க கடிகாரத்தக் கழட்டினப்ப சொல்லிரலாம்னுதான் வாயெடுத்தேன்."

கை ஓங்கிவிட்டேன். இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன், எழுதிவிட்டேன். அவள் நகரவில்லை. அடிக்கவில்லை நான். கை அப்படியே மேலே நின்றது. அவ்வழியே ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு போன பெரியவர் நின்று பார்த்தார். கையை இறக்கித் தலையைச் சொறிவது போல் வைத்துக்கொண்டேன்.

"ஒரு டிரா சாமி. ஒரே ஒரு டிரா. அந்தக் கெழவன் பத்து நிமிசத்துல கை குடுத்திருப்பான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"தெரியுங்ப்பா. அதுக்குத்தான் பயந்துட்டேன். தோத்துருவேன்னு நான் என்னைக்கும் பயந்ததில்ல. ஜெயிச்சிருவேன்னுதான். ஜெயிச்சா அடுத்தது, அதுல ஜெயிச்சா அதுக்கடுத்தது. நீங்க அன்னைக்குச் சோத்துல கைய வெச்சுட்டு அடுக்குனீங்களே, எனக்கு அங்கயே குமட்டுச்சு. தோக்கலாம்னு பாத்தா அதுவும் வரமாட்டேங்குது. போர்டுக்கு முன்னால உக்காந்தா கை தானா நல்ல காயத்தான் எடுக்குது. உக்காராமயே இருந்தாத்தான் உண்டு."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். நடுத்தெருவில், வெயிலில், ஐம்பத்தெட்டு வயதில். எதற்கு அழுதேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பட்டம் போயிற்றே என்றுதான் முதலில் அழுதேன். அதில் சந்தேகம் வேண்டாம். பிறகு, இந்த எட்டு நாளும் எலுமிச்சை பிழிந்து கொடுத்தேனே, அதை நினைத்து அழுதேன். அவள் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் தொடவில்லை.

அப்போது கனகமணி கூப்பிட்டாள். முடிவு தெரியாமல் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஆட்டம் ஆடவே இல்லை என்றேன். இங்கே நேரத்தை மாற்றிவிட்டார்கள், நான்தான் கவனிக்காமல் தாமதமாகக் கூட்டிப் போய்விட்டேன், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றேன். 'நீங்களா?' என்றாள். நான்தான் என்றேன். 'நீங்க நேரம் தப்புனீங்களா?' என்று மறுபடி கேட்டாள். ஆமாம் என்றேன். தாரணி தின்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் முழுக்கச் சிரிக்கும். ஒரு நிமிடத் தாமதத்துக்கு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட டிரைவர், கண்டக்டர் அத்தனை பேரும் டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இவளைக் குறை சொல்லாமல் இருந்தால் சரி என்று நினைத்தேன். அதோடு விஷயம் முடிந்தது என்றும் நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் சென்னியப்பன் கூப்பிட்டார். கனகமணி சொல்லிவிட்டிருக்கிறாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் திட்டவில்லை, ஆறுதல் சொன்னார். அதுதான் வம்பாகப் போயிற்று. அட விடுங்க டைம் கீப்பரே, பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை, அரைப் புள்ளியில் நிற்கிறது, நேரம் தப்பியது உங்கள் கோளாறு, இதற்காகப் பிள்ளையைத் தண்டிக்க முடியுமா என்றார். கடைசித் தடவை என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அடுத்த மாதமே செர்பியாவில் ஒரு போட்டி இருக்கிறதாம். இன்று சாயங்காலமே பெயர் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

அவர் குரல் கணீரென்று வெளியே கேட்கும். தாரணிக்கும் கேட்டிருக்கிறது. அவள் கையில் இருந்ததைப் பொட்டலத்தில் திரும்ப வைத்தாள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு இழுத்துவிட்டாள். எட்டு நாளாக நாலு மணிக்குக் கிளம்புகிற நேரத்தில் அவள் அப்படித்தான் மூச்சு விட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரியுங்க என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகாது. நாக்கு நுனியில் இருந்தது. இப்போதும், எழுதுகிற இந்த நேரத்திலும், சொல்லியிருக்கலாமே என்று ஒரு பக்கம் அரிக்கிறது. பொய் சொல்லப் போவதில்லை.

"வேண்டாமுங்க. பொண்ணு இனி ஆட மாட்டா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டு இதென்ன பேச்சு, உங்களுக்கு ஏதாவது கோபமா என்று கேட்டார்.

"கோவமில்லீங்க. அவளுக்குப் புடிக்கலீங்க."

எப்போதிலிருந்து பிடிக்கவில்லை என்று கேட்டார். மனிதர் கேட்டது நியாயமான கேள்வி. போனைக் கையால் பொத்திக்கொண்டு, எப்ப இருந்து கண்ணு என்று அவளிடம் கேட்டேன்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "பதினொரு வயசுல இருந்துங்ப்பா" என்றாள்.

அது அவள் மாநிலக் கோப்பை வாங்கிய வருஷம். பஸ் நிலையம் முழுக்க நான் லட்டு கொடுத்தேன். வண்டிக்குள் ஏறி ஏறிப் பயணிகளுக்கெல்லாம் கொடுத்தேன். அன்றைக்கு இவள் எங்கே நின்றாள், என்ன முகமாக நின்றாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

போனில் சென்னியப்பன் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார். எடுத்துக் காதில் வைத்தேன். கொஞ்ச நாளாத்தானுங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.